நிந்தவூரிலிருந்து வந்த பெட்டி

"ஒங்கட வீட்டுக் கரண்டுலதான் பிழை. என்ட பெட்டியில ஒண்டுமில்ல."

"எங்கட வீட்டுக் கரண்டுல ஒரு பிழையுமில்ல. மோட்டரப் போட்டா டிக் டிக் எண்டு துள்ளுது இந்தப் பெட்டி."

ஹிஷாமின் கடை வாசலில் அவனும் ஒரு பெண்ணும் போடும் சத்தம் கேட்டதும் நாங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வேலியோரம் வந்துவிட்டோம். கல்முனையில் எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கு இதைவிட வேறென்ன வேலை.

கூரைக்கு மேலே தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மோட்டரைத் தானாக நிறுத்தும் பெட்டி அது. முதலாவதை ஹிஷாம் கையாலேயே செய்து, பக்கத்து வீட்டு றபீக்கா ராத்தாவுக்குக் கொடுத்தான். உள்ளே வயரெல்லாம் இடியப்பம் மாதிரிக் கிடந்தாலும் அது ஓடியது. பிறகு அதைப் படமாகக் கீறிச் சீனாவுக்கு அனுப்பி, பச்சைப் பசேலென்று போர்ட் அச்சடித்து எடுத்து, நிந்தவூர் வரைக்கும் வீடு வீடாக மோட்டரில் பூட்டினான். அவைதான் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. இந்தக் கிழமைக்குள் சரிவராவிட்டால் கடையை மூடிவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போ என்று அவனுடைய உம்மா முடிவாகச் சொல்லியிருந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் மெதுவாக் கதைங்க."

"தங்கச்சி எண்டெல்லாம் கூப்பிடத் தேவையில்ல. என்ட பேர் ஆதிலா. நிந்தவூர்ல இருந்து பஸ்ஸுல இத மடியில வச்சிக்கிட்டு வந்திரிக்கன்."

வாய் நீளம்தான். ஆனால் அவ்வளவு கத்தியும் முக்காடு நழுவவில்லை, அதையும் கவனித்தோம்.

"றபீக்கா ராத்தா வீட்டுப் பெட்டி நல்லா ஓடுதெண்டு சொல்லித்தானே வித்தீங்க?"

"அது மாதிரிக்கு மொதல்ல செஞ்சது. அதத்தான் இதில அழகாக் கீறிப் போட்டிரிக்கன். ரெண்டும் ஒரே சேர்கிட்தான்."

"ஒரே சேர்கிட் எண்டா அது ஏன் ஓடுது, இது ஏன் துள்ளுது?"

றபீக்கா ராத்தா இதற்காகவே காத்திருந்தவர் போல எல்லோரையும் தன் வளவுக்குள் கூப்பிட்டார்.

ஆதிலா கொண்டுவந்ததை அங்கே பூட்டினான்: டிக் டிக். பழையதைப் பூட்டினான்: மோட்டர் ஓடியது. இரண்டு போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"ஒரு வித்தியாசமுமில்ல."

"அடிப்பக்கம் பாத்தீங்களா?" என்றாள் ஆதிலா.

பழையதைத் திருப்பினான். அடியில் ஒரு கெப்பாசிட்டர் குறுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. ஹிஷாம் தலையில் கை வைத்தான்.

"மோட்டர் கெளம்பக்குள்ள கரண்டு ஒருக்கா இறங்கும். அந்த நேரம் கரண்டத் தாங்கிக் குடுக்கத்தான் இத ஒட்டின. படத்தில கீற மறந்துட்டன்."

பக்கத்து வீட்டுக்கு ஆணம் சமைக்கச் சொல்லிக் கொடுக்கும்போது நாங்களும் ஒரு சாமானை விட்டுவிடுவோம், அது வேண்டுமென்றே. இவனோ தனக்குத்தானே விட்டுவிட்டான்.

அங்கேயே புதுப் போர்டின் அடியிலும் ஒன்றை ஒட்டினான். பெட்டி துள்ளாமல் மோட்டர் கிளம்பியது. தாங்கி நிரம்பி அது தானாக நின்றபோது ஒழுங்கையே கைதட்டியது. றபீக்கா ராத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்று எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

கிழமை முடியுமுன் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றை ஒட்டினான், பிறகு ஊரில் ஒரு பெட்டியும் துள்ளவில்லை. கட்டார்ப் பேச்சு நின்றது. பெட்டி சரிதானா என்று கேட்க ஆதிலா மட்டும் பிறகும் இரண்டு மூன்று தடவை பஸ் ஏறி வந்தாள்.

கட்டாருக்கென்று வாங்கிய சூட்கேஸோடு ஹிஷாம் கடைசியில் நிந்தவூருக்குத்தான் குடிபோனான், ஆதிலா வீட்டு மாப்பிள்ளையாக. பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கும் வீட்டைப் பார்க்கப் போன எங்கள் பெண்டுகள் கதவையும் குசினி அடுப்பையும் தட்டிப் பார்த்தார்களே தவிர, கூரைக்கு மேலே ஒருவரும் பார்க்கவில்லை.

கலியாணத்துக்கு மறுநாள் தொழுகைக்கு வுழூச் செய்ய எழும்பிய மாப்பிள்ளை மோட்டர் சுவிட்ச் எங்கே என்று கேட்க, ஆதிலா கயிறு கட்டிய வாளியைக் கையில் கொடுத்துக் கிணற்றைக் காட்டினாளாம். அந்த வீட்டில் தாங்கியும் இல்லை, மோட்டரும் இல்லை. அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்தது, உம்மாவின் தங்கச்சியான சாச்சி வீட்டில் ஹிஷாம் பூட்டும்போது ஜன்னலுக்குள் நின்று அவனைப் பார்த்து, பிறகு சாச்சியிடம் கேட்டுக் கழற்றிய பெட்டி.