கார் ஷெட்டுக்குப் பேனல்

அவர் மடியில் ஏழெட்டு நிறங்கள் கிடந்தன.

எல்லாம் சுவரில் ஒட்டும் பிளாஸ்டிக் பேனலின் உள்ளங்கை அகல மாதிரித் துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். கார் ஷெட் சுவரில் வைத்துப் பார்த்தார். வேட்டி எடுக்கக்கூட இவ்வளவு நேரம் செலவழித்த மனிதர் இல்லை.

அவர் மனைவி பின்னால் நின்று, நாற்காலி சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாயாத நாற்காலிதான்.

மனிதர் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி போட்டிருக்கிறார். தேக்கு நிறமா சாம்பல் நிறமா என்று குழம்புகிறார்.

குழம்பட்டும். பொழுது சாயும்வரை குழம்பட்டும்.

போன மாதம் அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அவள் கோபிச்செட்டிபாளையத்திலிருந்த தன் தம்பிக்குச் சொன்னாள்.

தம்பி காரியக்காரன். அன்று சாயங்காலமே வந்து ஷெட்டிலிருந்த காரை எடுத்துத் தெருவில் நிறுத்தினான். ஷெட்டில் இருந்த அலமாரி, பழைய டயர், தேங்காய் மூட்டை எல்லாவற்றையும் அப்புறப்படுத்தித் தரையைக் கழுவிவிட்டான்.

அந்தத் தெருவில் சாவு என்றால் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஐஸ் பெட்டியில் ஆளைக் கிடத்தி, சுற்றிலும் ஜனம் உட்கார, கார் ஷெட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. கார் தெருவுக்கு வந்துவிட்டால் எதிர்வீட்டுக்குச் செய்தி சொல்ல வேண்டியதில்லை.

தம்பி கேட்டுவிட்டுத்தான் செய்தான். அவள்தான் தலையாட்டினாள்.

மறுநாள் காலை அவர் கண் திறந்து காபி கேட்டார்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் முதலில் அவர் கண்ணில் பட்டது அந்த ஷெட்தான்.

"ஏன் அம்மிணி, இப்பிடித் தொடச்சுவிட்ட மாதிரி கெடக்குது?"

"செவுத்துக்கெல்லாம் பேனல் ஒட்டலாம்னு இருக்கறமுங்க."

வாயில் அதுதான் வந்தது. போன தை மாதம் யார் வீட்டுப் புதுமனை புகுவிழாவிலோ பார்த்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இனி உண்மையிலேயே பேனல் ஒட்டியாக வேண்டும். ஒட்டிவிட்டால் போதும். உயிரோடு இருக்கும்போதே தன்னை இவள் வழியனுப்பத் தயாராகிவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். இத்தனை வருடம் கூட இருந்துவிட்டு, ஒரு சாயங்காலத்தில் கைவிட்டவள் என்று அவர் நினைத்தால் அவளால் தாங்க முடியாது.

பேனல் கடை நல்லசிவம் சுவரை அளந்து முடித்துவிட்டு வந்தார்.

"தண்ணி பட்டா ஊறாதுங்க. கரையான் அண்டாது. கார் இடிச்சுட்டாக்கூட அந்தத் துண்ட மட்டும் மாத்திக்கலாமுங்க."

அவர் மடியிலிருந்து சாம்பல் நிறத்தை எடுத்து நல்லசிவத்திடம் கொடுத்தார்.

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

"பிளக் பாயின்ட் எங்கெங்க வேணும்னு இப்பவே சொல்லீருங்க. ஒட்டீட்டா அப்பறம் பேனலை அறுக்கோணும்" என்றார் நல்லசிவம்.

"வாசப்பக்கம் ஒண்ணு போதுமுங்க" என்றாள் அவசரமாக.

அவர் நாற்காலியில் இருந்தபடியே உள்சுவரைக் கைகாட்டினார்.

"அங்க நடுவுலயும் ஒண்ணு வெச்சிருங்க. ஐஸ் பெட்டிக்கு வேணுமல்ல."

நல்லசிவம் கையிலிருந்த டேப்பையே பார்த்தார்.

அவள் நாற்காலியை விட்டுவிட்டாள்.

தெரிந்திருக்கிறது. வந்து இறங்கிய அன்றே தெரிந்திருக்கிறது. அந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்கு இவரே முன்னால் நின்று ஷெட்டைக் கழுவிக் கொடுத்திருக்கிறார். இவருக்கா தெரியாது? அவள்தான் அதை யோசிக்கவில்லை. தெரிந்தே, அவள் சொன்ன பொய்க்காக உட்கார்ந்து நிறம் பார்த்திருக்கிறார்.

"வாயக் கழுவுங்க" என்றாள். திட்டத்தான் நினைத்தாள். குரல் உடைந்துவிட்டது.

அவர் திரும்பவில்லை. கையைப் பின்னால் நீட்டி அவள் கையைத் தேடிப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

"அதுவரைக்கும் அந்த பிளக்கு சும்மாவா கெடக்கும்? கரண்டுக் கார் ஒண்ணு வாங்கி சார்ஜ் போட்டுக்கலாம் அம்மிணி."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

நல்லசிவம் பாவம், பேச்சை மாற்றப் பார்த்தார்.

"இந்த அயிட்டத்துக்குப் பத்து வருசம் கியாரண்டிங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போதாதுங்க" என்றாள். "இன்னும் நெறைய நாள் வர்றதாக் காட்டுங்க."