போன் மேஸ்திரிக்கு மட்டும்

"ஒரே ஒரு நிமிஷம் குடுங்கண்ணே, என் பொண்டாட்டிகிட்ட பேசணும்!" என்று கெஞ்சினான் வெல்டர்.

"போனை மேஸ்திரிதான் தொடணும். தெரியுமில்ல? போய் உன் இடத்துல உக்காரு" என்றார் மேஸ்திரி.

சுரங்கப்பாதை வேலையில் அது சட்டம். ஆளாளுக்குப் பேசினால் குழப்பம் என்று கம்பெனி வைத்தது. ஆனால் கூரை சரிந்து வழி அடைபட்டு, ஆறு பேரும் உள்ளே மாட்டிக்கொண்டு கிடக்கும்போதுமா சட்டம்? வெல்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணியை விட்டுவிட்டு வந்தவன் அவன். தலைப்பிரசவம் வேறு.

மேஸ்திரி சுரங்கத்தின் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் போன் பெட்டியருகே தனியாகவே இருந்தார். தூங்குவதும் அங்கேதான். யாரையும் அண்ட விடவில்லை. பேச்சு மட்டும் இவர்களுக்கு நன்றாகக் கேட்டது.

"என்ன சார், மிஷின் நகரவே மாட்டேங்குதா? டீ குடிக்கப் போயிட்டீங்களா எல்லாரும்?... சரி சரி, கோச்சுக்காதீங்க!"

சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்.

"வந்துக்கிட்டே இருக்காங்கடா. ஏய் நெட்டை, உங்கம்மா சுரங்க வாசல்ல நின்னு என்ஜினீயரைக் கிழிகிழின்னு கிழிக்கிறாங்களாம். அந்த ஆளு ஒளிஞ்சுக்க இடம் தேடுறாராம்."

"எங்கம்மாவேதான்!" என்று நெட்டை அந்த இருட்டிலும் விழுந்து விழுந்து சிரித்தான்.

வெல்டருக்குச் சிரிப்பு வரவில்லை. திடீரென்று கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"நானே தோண்டிக்கிட்டுப் போறேன். விடுங்கடா என்னை!"

சரிவில் கை வைத்தால் மிச்சக் கூரையும் தலையில் இறங்கும். எல்லோருக்கும் தெரியும். நான்கு பேர் பிடித்தும் அவன் அடங்கவில்லை.

"நில்லுடா! நான் கேட்டுச் சொல்றேன்" என்று மேஸ்திரி திருப்பத்துக்கு அப்பால் போனார். பிறகு, "அப்படியா! எப்போ?" என்று அவர் குரல் கேட்டது.

வந்து அவன் தோளைப் பிடித்தார்.

"பொண்ணு பொறந்திருக்காடா. தாயும் பிள்ளையும் சுகம். கடப்பாரையைக் கீழ போடு."

போட்டான். ஐந்து பேரும் கட்டிக்கொண்டு கூத்தடித்தார்கள். நெட்டை ராகமே இல்லாமல் தாலாட்டுப் பாடினான். ஆனாலும் வெல்டருக்கு மனம் ஆறவில்லை. பெற்ற பிள்ளையின் சேதியைக்கூட என் காதால் கேட்க விடவில்லையே, இவரெல்லாம் ஒரு மனுஷனா?

மறுநாள் மிஷின் மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொருவராக வெளியே இழுத்தார்கள். எல்லோரையும் அனுப்பிவிட்டுத்தான் வருவேன் என்று மேஸ்திரி உள்ளேயே நின்றுவிட்டார்.

வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிய வெல்டரை நோக்கி, இடுப்பைப் பிடித்தபடி மூச்சு வாங்க வந்தாள் அவன் மனைவி. வயிறு அப்படியே இருந்தது.

"குழந்தை?" என்றான் திகைத்துப்போய்.

"இன்னும் பொறக்கலைங்க. உங்களைப் பார்க்காம எப்படி?"

"மேஸ்திரி போன்ல கேட்டுச் சொன்னாரே..."

பக்கத்தில் நின்ற என்ஜினீயர் அவனை வினோதமாகப் பார்த்தார். "எந்த போன்ல? கூரை சரிஞ்சப்பவே லைன் அறுந்துபோச்சே. நீங்க உயிரோட இருக்கீங்களான்னே எங்களுக்குத் தெரியாது!"

வெல்டர் திரும்பிப் பார்த்தான். கடைசி ஸ்ட்ரெச்சரில் வந்த மேஸ்திரி, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்; அவன் கைகள் தாமாகக் குவிந்தன.