அஞ்சாவது நட்டு

"இங்கிலீஷ் காருக்கு இங்கிலீஷ் நட்டு. இந்த வீல்ல நாலு ஏறிடுச்சு, அஞ்சாவது போல்ட்ல மட்டும் எதுவும் ஏற மாட்டேங்குது," என்றான் ரங்கன். ஈக்காட்டுத்தாங்கல் ஷெட்டில் அந்தப் பழைய கார் புது பெயிண்ட்டில் மினுங்கியது. மாலையில் அடையாறு பார்ட்டி வாங்க வருகிறது. அதற்காகத்தான் வாட்ஸ்அப் குரூப்பில் காரின் படம் போட்டு நட்டு கேட்டிருந்தான்.

"போல்ட்டையே மாத்தலாமே அண்ணே?" என்றாள், அதைப் பார்த்து நட்டோடு வந்திருந்த ஏஞ்சல். கூட வந்த மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எவனோ முட்டாப்பய வெல்டு வெச்சுக்கீறாம்மா."

ஏஞ்சல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து துருவேறிய நட்டு ஒன்றை எடுத்தாள். 'மாதாவே, இது மட்டும் ஏறிடணும்!'

இரண்டே விரலால் திருகினாள். வழுக்கிக்கொண்டு போய் அடியில் உட்கார்ந்தது.

"சூப்பரும்மா! இன்னா நட்டு இது?"

"படகு என்ஜின் நட்டு. கடையில போல்ட் கிடைக்கலன்னு படகு போல்ட்டை வெல்டு வெச்சது எங்கப்பா. நீங்க சொன்ன அந்த முட்டாப்பய."

ரங்கன் பேயறைந்தவன் போலானான்.

"போன மழையில வூட்டு வாசல்ல இருந்து காணாமப் போன கார் இது. நம்பரைச் சுரண்டினீங்க, பெயிண்ட் மாத்துனீங்க. போல்ட்டோட மரையை மாத்த முடியலையே!"

மாமா சட்டைப்பையிலிருந்து போலீஸ் அடையாள அட்டையை எடுத்தார்.

"சாவியை அவங்க கையில குடு ரங்கா. நீ ஜீப்புல வா. ஏஞ்சல் அவங்க கார்லயே வருவாங்க."