பாலம் இறங்குவதற்குள்

ஸ்னேக் நகரக் கால்வாய்ப் பாலம் தூக்கியே நிற்கிறது. பாய்மரப் படகு அவசரமே இல்லாமல் போகிறது. பிரசவம் பார்க்கப் புறப்பட்ட வீட்ஸ்கே சைக்கிளோடு காத்திருக்கிறாள். எதிர்க்காற்று வேறு. மிதித்தால் கியர் பிடிக்காமல் வெறுமனே சுழல்கிறது. "சக்கரத்துக்குள்ள கியர் பல்லே போயிடுச்சு போல," என்று முனகுகிறாள். அருகில் நிற்கும் மீன்காரர் யெல்லே குனிந்து பார்க்கிறார். "ஸ்டேஷன்ல விட்டிருந்தீங்களா?" "நேத்து பூரா." "பல்லெல்லாம் பத்திரமா இருக்கு. பக்கத்து சைக்கிள் ஹேண்டில்பார் கேபிளைப் பிடுங்கியிருக்கு, அவ்வளவுதான். நாலாவது கியர்ல வைங்க, அதுலதான் சரிபாக்க முடியும்." மீன் வாசமடிக்கும் விரலால் நழுவிய கேபிள் உறையைக் குழிக்குள் அழுத்தி, திருகை அரைச்சுற்று திருப்புகிறார். கியர் சரியாக இருக்கிறதா என்று காட்ட அச்சருகே போட்டிருக்கும் இரண்டு மஞ்சள் கோடுகள், அதுவரை விலகி நின்றவை, நேருக்கு நேர் வருகின்றன. மணி அடிக்கிறது, பாலம் இறங்குகிறது. வீட்ஸ்கே மிதிக்கிறாள். 'டக்'கென்று பிடித்துக்கொள்கிறது. சட்டைப்பையில் ஃபோன் அலறுகிறது, அவள் எடுக்கவில்லை. "வந்துட்டேன், வந்துட்டேன்," என்று காற்றிடமே சொல்லியபடி பாலத்து மேட்டில் ஏறுகிறாள்.