ஏழாம் நம்பர் கட்டி

ஆராய்ச்சிக்கு எடுத்த பழைய பெருங்குடல் கட்டிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். லீவு லெட்டரும் கையுமாக, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல் நின்ற இளம் டாக்டரிடம், தலைமை டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

"இந்த ஏழாம் நம்பரைப் பாத்துச் சொல்லிட்டுப் போ."

அவள் பார்த்தாள். "சாயமே ஒட்டல மேடம். புற்றைத் தடுக்கிற ஜீன் சுத்தமா போயிருச்சு. ஆள் ரெண்டு வருஷம் தாண்டியிருக்க மாட்டாரு."

"நிச்சயமா?"

"அடிச்சுச் சொல்வேன்."

"ஆபரேஷன் நடந்து பத்து வருஷமாச்சு."

"அப்போ புதைச்ச இடத்துல புல்லே முளைச்சிருக்கும் மேடம். லெட்டர்ல கையெழுத்து..."

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"ஏழாம் நம்பர் என்னோட குடல்மா. புல் முளைச்சவ எப்படிக் கையெழுத்துப் போடுவா?"