காணாமல் போன பல்செட்

"யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது!"

அலமாரி இழுப்பறை ஒன்று தடாலென்று தரையில் விழ, அம்மாவின் குரல் வீட்டையே அதிர வைத்தது. பயணப் பையோடு அப்போதுதான் உள்ளே நுழைந்த மகள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"உங்கப்பா பல்செட்டைத் தொலைச்சுட்டார்டி. நேத்து மூக்குக் கண்ணாடி. முந்தாநாள் ஒத்தைச் செருப்பு. அதை ஃப்ரிட்ஜுக்குள்ளேர்ந்து எடுத்தேன்!"

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள்கள் பிரிவில் அதிகாரியாகக் காலமெல்லாம் கேட்ட கேள்விகள் தானாக வந்து விழுந்தன.

"கடைசியா எங்கே பார்த்தீங்க?"

"வாயில."

"அடையாளம் சொல்லுங்க."

"பல்லுக்கு என்னடி அடையாளம்? வெள்ளையா, வரிசையா இருக்கும்."

"அது உங்களோடதுதான்னு எப்படி நம்புறது?"

"கிடைக்கட்டும், கடிச்சுக் காட்டுறேன்!"

அம்மா முறைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். உள்ளே டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது.

மகள் அப்பாவின் அருகில் உட்கார்ந்தாள். "அப்பா, திங்கட்கிழமை டாக்டர்கிட்ட போறோம். மறதி இந்த அளவுக்குப் போனப்புறம் நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்க வேண்டாம். இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடுங்க."

அப்பாவின் பொக்கை வாய்ச் சிரிப்பு சட்டென்று நின்றது. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"மெதுவாப் பேசும்மா. எனக்கு மறதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எல்லாத்தையும் நான்தான் ஒளிச்சு வைக்கிறேன்."

"என்னது!"

"ரிட்டயர் ஆனதும் உங்கம்மா எப்படி ஆயிட்டா, நீயே பார்த்தியே. சுவரையே வெறிச்சுட்டு உட்கார்ந்திருப்பா. அடுப்பை அணைக்க மறந்துடுவா. பக்கத்து வீட்டுக்காரங்க பேருகூட வாயில வராது. அப்போ நிஜமாவே என் கண்ணாடி காணாமப் போச்சு. தேட ஆரம்பிச்சா பாரு... அந்தப் பழைய ஆபீசரம்மா திரும்பி வந்துட்டா! அன்னையிலேர்ந்து தினம் ஒண்ணைத் தொலைக்கிறேன். இப்போ அவ மூளை பம்பரமாச் சுத்துது."

மகளுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

"அதனால எங்களை இங்கேயே விட்டுடு" என்றார் அப்பா. "உன்னோட ஃப்ளாட்ல ஒளிச்சு வைக்க ஏது இடம்?"

அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது மகளுக்கு. சமையலறைக்கு ஓடினாள். வாசலிலேயே திகைத்து நின்றாள்.

அம்மா மேடையில் சாய்ந்தபடி சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை மட்டும் காலி டப்பா ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கிண்ணத்தில் பல்செட்!

"அம்மா! இது..."

"உஷ்! காலையிலேயே எடுத்துட்டேன்டி. கிடங்குல எந்தச் சரக்கை எங்கே வைக்கிறதுன்னு யோசிச்சே வாழ்ந்த மனுஷன், வேலையை விட்டதும் பித்துப் பிடிச்ச மாதிரி ஆயிட்டார். இப்போதான் ஒளிச்சு வைக்க தினம் ஒரு புது இடம் யோசிக்கிறார், அதுல மண்ணைப் போட்டுடாதே!"