கன்னத்தில் விழுந்த சொட்டு

"ஆடாம இருங்கன்னா கேக்கறீங்களா?"

கண் டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது மனைவி அதட்டினாள். கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்து மறுபடியும் கன்னத்தில்தான் விழுந்தது.

"நான் எங்கடி ஆடினேன்?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார் கணவர்.

அவர் கடற்கரைக் காவலர். கோபுரத்தில் உட்கார்ந்து, குளிக்கிறவர்களை நாள் முழுக்கப் பைனாகுலரில் கவனிக்கும் வேலை. ஒரு மாதமாகத் தாங்க முடியாத தலைவலி. அலையில் மிதப்பது தலையா, பந்தா என்றே குழம்பினார். கண் சரியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் கோபுரத்திலிருந்து இறக்கி, படகு டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"ஒண்ணும் இருக்காதுங்க. கேரட்டா அரைச்சுக் குடுத்திருக்கேன், வீணாவா போகும்?" என்றபடி மனைவியும் கூடவே டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள். கதவின் நிலை அவளது வலது தோளில் இடித்தது.

டாக்டரம்மா சொட்டு மருந்துப் புட்டியைப் பார்த்து முறைத்தார். "கேக்காம இதெல்லாம் போடலாமா?"

"கவலைப்படாதீங்க டாக்டர், ஒரு சொட்டுகூட உள்ள போகல" என்றார் காவலர்.

சுவரிலிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் படித்தார்.

"கண்ணு நல்லாயிருக்கு. தாராளமா கோபுரத்துலயே இருங்க."

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்போ தலைவலி?"

டாக்டரம்மா அவர் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை வாங்கி ஜன்னல் வழியே பார்த்தார். "வலது பக்கம் எனக்கே மங்குது. வலது கண்ணுக்குன்னு தனியா இருக்கற இந்த வளையத்தை யார் இப்படிக் கடைசி வரைக்கும் திருப்பினது?"

"நான் நடுச் சக்கரத்தைத் தவிர எதையும் தொட மாட்டேனே."

"ஒரு கண்ணுல மங்கலாவே பாத்துக்கிட்டிருந்தா யாருக்கும் தலை வலிக்கும். சரியா இருந்தாலும் அடிக்கடி இறக்கி வச்சுட்டு வெறும் கண்ணால பாக்கணும். ஓய்வே எடுக்கறதில்லையா?"

"சாப்பிடும்போது..." என்று இழுத்தார் காவலர்.

"அந்த நேரத்துல கடலைச் சும்மா விட முடியுமா?" என்று மனைவி முந்திக்கொண்டாள். "டிபன் கொண்டு போறப்ப நான்தான் பாத்துக்குவேன். எனக்குத் தெளிவாத் தெரியற வரைக்கும் அந்த வளையத்தைத் திருப்புவேன். அது தப்பா?"

டாக்டரம்மா அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். ஓர் அட்டையால் அவளது இடது கண்ணை மறைத்தார்.

"எதிர்ல இருக்கற பலகையில முதல் எழுத்தைப் படிங்க."

"என்ன டாக்டர், பலகையை அதுக்குள்ள கழட்டிட்டீங்களா?" என்றாள் அவள்.